நெற்பயிரின் தாகத்தை அளப்பது எப்படி?

பெரியாறு பாசனக் கால்வாயில் முறை வைத்துத் தண்ணீர் விடத் தொடங்கிவிட்டால், மதுரை மாவட்டத்தின் மேலூர், வாடிப்பட்டிப் பக்கத்து வரப்புகளில் ஒரே பேச்சுதான்: அடுத்த முறை வரும்வரை பயிர் தாங்குமா, தாங்காதா? ஒருவர் வயலைப் பார்த்து, "தண்ணி வத்திப்போச்சு, இன்னிக்கே பாய்ச்சியாகணும்" என்பார். பக்கத்து வயல்காரர், "பயிரு பச்சையாத்தானே நிக்குது, ரெண்டு நாள் தாங்கும்ணே" என்பார். இருவரும் கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் நெல்லைப் பொறுத்தவரை இந்த இரண்டு அடையாளமுமே ஏமாற்றக்கூடியவை. மேலே தண்ணீர் தெரியாத வயலில் பயிர் ஒரு குறையும் இல்லாமல் நிற்கலாம். பச்சையாக நிற்கும் பயிர் உள்ளுக்குள் விளைச்சலை இழந்துகொண்டும் இருக்கலாம்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? பயிரின் நீர்த் தட்டுப்பாட்டை அளக்கப் பல வழிகள் உண்டு. சிலவற்றுக்கு ஒரு துண்டு பிளாஸ்டிக் குழாயே போதும், சிலவற்றுக்கு ஆய்வுக்கூடம் வேண்டும். எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான் என்பதால் அதை முதலில் தெரிந்துகொள்வோம்.

வேர் மண்ணிலிருந்து நீரை இழுக்கிறது. அந்த நீர் தண்டு வழியாக ஏறி, இலையில் உள்ள நுண்ணிய துளைகள் வழியே ஆவியாக வெளியேறுகிறது. வெளியேறும் அளவுக்கு வேரால் இழுத்துக் கொடுக்க முடியாதபோது பயிருக்குத் தட்டுப்பாடு தொடங்குகிறது. எனவே வயலில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பது பாதிக் கேள்விதான். அந்தத் தண்ணீரை எடுக்க வேர் எவ்வளவு சிரமப்படுகிறது என்பதே முழுக் கேள்வி.

நெல் இந்த விஷயத்தில் மென்மையான பயிர். சோளம், கம்பு போல அதன் வேர் ஆழம் தேடிப் போவதில்லை. சேறடித்து நட்ட வயலில் வேரில் பெரும்பகுதி மேல்மண்ணிலேயே, ஏறத்தாழ ஒரு சாண் ஆழத்துக்குள் நின்றுவிடும். அதற்குக் கீழே ஆண்டுக்கணக்கில் உழுது சேறடித்ததால் இறுகிப்போன ஓர் அடுக்கு இருக்கும். தண்ணீர் கீழே ஓடிவிடாமல் தாங்குவதும் அதுதான், வேரைக் கீழே விடாமல் தடுப்பதும் அதுதான். மேல்மண் காய்ந்தால் நெல்லுக்கு வேறு சேமிப்பு கிடையாது.

தட்டுப்பாடு வந்தால் பயிர் ஒரே நாளில் வாடிவிடுவதில்லை. முதலில் புது இலை நீளும் வேகம் குறையும், இது கண்ணுக்குத் தெரியவே தெரியாது. அடுத்து இலைத்துளைகள் மூடத் தொடங்கும். நீர் வெளியேறுவது குறையும், ஆனால் அதே துளை வழியாகத்தான் கரியமில வாயுவும் உள்ளே போக வேண்டும் என்பதால் பயிர் உணவு தயாரிப்பதும் குறையும். அதன் பிறகே இலை சுருளும். அதற்கும் பிறகு நுனி கருகும். நாம் "வாடிருச்சு" என்று சொல்லும்போது பயிர் ஏற்கெனவே இரண்டு படிகளைத் தாண்டியிருக்கிறது. அளவீடு தேவைப்படுவதே அந்த முதல் இரண்டு படிகளுக்காகத்தான்.

மண்ணிலிருந்து தொடங்குவோம்

மிக எளிய கருவி, ஓட்டை போட்ட குழாய். சுமார் 30 செ.மீ. நீளமும் 15 செ.மீ. அகலமும் உள்ள பி.வி.சி. குழாய்த் துண்டு ஒன்றை எடுத்து, அதன் கீழ்ப்பாதியில் சுற்றிலும் சிறுசிறு ஓட்டைகள் போடவேண்டும். ஓட்டை போட்ட 15 செ.மீ. மண்ணுக்குள்ளும் மீதி 15 செ.மீ. மேலேயும் இருக்கும்படி வயலில் இறக்கி, குழாய்க்குள் இருக்கும் சேற்றை அடிவரை அள்ளிவிட வேண்டும். அவ்வளவுதான். வயலில் மேலே தண்ணீர் மறைந்த பிறகும் மண்ணுக்குள் அது எந்த மட்டத்தில் நிற்கிறது என்பதை இந்தக் குழாய்க்குள் ஓர் அளவுகோலை விட்டுப் பார்த்துவிடலாம்.

பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் பரவலாக்கிய முறை இது. அவர்கள் சொல்லும் எல்லை 15 செ.மீ. தண்ணீர் மண்மட்டத்திலிருந்து 15 செ.மீ. கீழே இறங்கும்வரை வேர்ப்பகுதி போதிய ஈரத்தோடுதான் இருக்கும், விளைச்சல் குறையாது. அந்த மட்டத்தைத் தொட்டதும் மீண்டும் 5 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் கட்டினால் போதும். எப்போதும் தண்ணீர் நிறுத்தி வைப்பதோடு ஒப்பிட்டால் 30 சதவீதம் வரை பாசன நீர் மிச்சமாகும் என்பது இம்முறையின் பலன். நம் ஊரில் "காய்ச்சலும் பாய்ச்சலுமா விடு" என்று பெரியவர்கள் சொல்வதும், திருந்திய நெல் சாகுபடியில் "நீர் மறைய நீர் கட்டுதல்" என்று சொல்லிக் கொடுப்பதும் இதே வழியில்தான் போகின்றன. எத்தனை நாள் காய்ச்சல் என்பதற்கு ஓர் எண்ணைக் கொடுப்பதுதான் குழாய் செய்யும் வேலை.

குழாயை எங்கே வைக்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். வயலின் மேட்டுப்பகுதியில் வைத்தால் தேவைக்கு முன்பே தண்ணீர் கேட்கும், பள்ளத்தில் வைத்தால் மற்ற இடம் காய்ந்த பிறகும் "போதும்" என்று காட்டும். வரப்பிலிருந்து எட்டிப் பார்க்கும் தூரத்தில், ஆனால் வரப்போரக் கசிவு தொடாத சமமட்டமான இடம் சரியானது. வயலில் தண்ணீர் நிற்கும் நாளில் குழாய்க்கு உள்ளேயும் வெளியேயும் ஒரே மட்டமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வேறுபட்டால் ஓட்டைகளை மண் அடைத்திருக்கிறது என்று அர்த்தம், கழுவி மறுபடி இறக்க வேண்டும். நட்ட முதல் இரண்டு வாரத்துக்கு இந்தக் கணக்கு வேண்டாம். அப்போது மெல்லிய அளவில் தண்ணீர் நின்றால்தான் நாற்று பிடிக்கும், களையும் அடங்கும்.

கரிசலில் பயிர் செய்பவர்களுக்கு இன்னொரு வார்த்தை. திருமங்கலம் பக்கத்துக் கரிசல் காயக்காய வெடிக்கும். மயிரிழை வெடிப்பு கண்டதும் பாய்ச்சிவிடலாம் என்று சொல்வதில் நல்ல பொருள் இருக்கிறது. வெடிப்பு விரல் நுழையும் அளவுக்கு அகன்றுவிட்டால், பாய்ச்சும் தண்ணீர் வேருக்கு நிற்காமல் வெடிப்பு வழியே அந்த இறுகிய அடுக்கையும் தாண்டி இறங்கிவிடும். அப்புறம் அந்த வயலை நிரப்ப வழக்கத்தைவிட எவ்வளவோ கூடுதல் தண்ணீர் பிடிக்கும். கரிசலில் குழாய் 15 செ.மீ. காட்டும்வரை காத்திருப்பதா, வெடிப்பைப் பார்த்துப் பாய்ச்சுவதா என்று கேட்டால், இரண்டில் எது முந்துகிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன்.

கொஞ்சம் கணக்கும் போட்டுப் பார்க்கலாம். ஒரு ஏக்கர் ஏறத்தாழ 4,047 சதுர மீட்டர். அதில் 5 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்தினால் அது சுமார் 2 லட்சம் லிட்டர். வயலின் நீர் இரண்டு வழியில் குறைகிறது: பயிரும் வெயிலும் ஆவியாக்குவது ஒன்று, மண்ணுக்குள்ளும் வரப்பு வழியாகவும் கசிவது மற்றொன்று. இரண்டும் சேர்ந்து ஒரு நாளைக்கு 10 மி.மீ. போகிறது என்று வைத்துக்கொண்டால் அந்த 5 செ.மீ. ஐந்து நாளில் மறையும். மணற்பாங்கான நிலத்தில் கசிவு பலமடங்கு கூடும், நல்ல களியில் மிகக் குறையும். உங்கள் வயலின் கணக்கு உங்களுக்கே தெரிய வேண்டுமானால், மடையை அடைத்துவிட்டு, மழையில்லாத நாளில் காலையும் மறுநாள் காலையும் குழாய்க்குள் மட்டத்தைக் குறித்துப் பாருங்கள். மண்ணுக்கு மேலே தண்ணீர் நிற்கும்போது செய்ய வேண்டும். மட்டம் மண்ணுக்குள் போன பிறகு அதே அளவு நீர் குறைந்தாலும் மட்டம் வேகமாக இறங்குவதுபோலத் தெரியும், ஏனென்றால் அங்கே இடத்தில் பெரும்பகுதியை மண் பிடித்துக்கொண்டிருக்கிறது.

குழாய் நீர்மட்டத்தைச் சொல்கிறது. வேரின் சிரமத்தை நேரடியாகச் சொல்வது டென்சியோமீட்டர். ஈரத்துணியைப் பிழியும்போது முதலில் தண்ணீர் தானாக வடியும், போகப்போக மணிக்கட்டு வலிக்கப் பிழிந்தால்தான் ஒரு சொட்டு வரும். மண்ணும் அப்படித்தான் நீரைப் பிடித்து வைக்கிறது. நிறைய இருக்கும்போது விட்டுக்கொடுக்கும், குறையக்குறைய இறுக்கிப் பிடிக்கும். அந்த இறுக்கத்தைத்தான் கிலோபாஸ்கல் என்ற அலகில் அளக்கிறோம். டென்சியோமீட்டர் என்பது நுனியில் நுண்துளை உள்ள பீங்கான் குப்பியும், தலையில் அளவுமானியும் கொண்ட, தண்ணீர் நிரப்பி மூடிய குழாய். மண் காயும்போது குப்பி வழியாகக் குழாயின் தண்ணீரை இழுக்கும். அந்த இழுப்பு மேலே முள்ளில் தெரியும். சேறாக நிறைந்த மண்ணில் முள் பூஜ்யத்தில் நிற்கும். நெல்லுக்கு 10 கிலோபாஸ்கல் வரை கவலை இல்லை. 20-ஐத் தாண்டவிடக் கூடாது என்பதே பல ஆய்வுகள் எடுத்துக்கொள்ளும் எல்லை. இந்த எண்களின் சிறுமையை உணர ஓர் ஒப்பீடு: பயிர்கள் நிரந்தரமாக வாடிப்போகும் நிலை என்று பாடநூல்கள் சொல்வது 1,500 கிலோபாஸ்கல். நெல்லோ அதற்கு எத்தனையோ முன்பே விளைச்சலைக் குறைத்துக்கொள்கிறது. "செத்துப் போகலையே" என்பது நெல்லுக்கு அளவுகோல் ஆகாது.

விவசாயிக்கு முள் படிப்பது சிரமம் என்பதால், பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகம் பச்சை, மஞ்சள், சிவப்புப் பட்டைகள் இட்ட எளிய டென்சியோமீட்டர் ஒன்றை நெல் விவசாயிகளிடம் கொண்டுபோனது. குழாயின் நீர்மட்டம் பச்சையைவிட்டு மஞ்சளுக்குள் இறங்கினால் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். கோவையில் உள்ள கரும்பு இனப்பெருக்கு நிறுவனம், மண்ணில் குத்தினால் ஈரத்துக்கேற்ப வெவ்வேறு வண்ண விளக்கு எரியும் கருவியை உருவாக்கியிருக்கிறது.

மண்ணை எடுத்து எடைபோட்டு, 105 டிகிரி வெப்பத்தில் உலர்த்தி, மறுபடி எடைபோட்டு ஈரத்தைச் சதவீதமாகச் சொல்லும் பழைய முறையும் உண்டு. பிழையில்லாத முறைதான், ஆனால் அந்தச் சதவீதத்தை வைத்துப் பயிரின் நிலையைச் சொல்ல முடியாது. 20 சதவீத ஈரம் மணற்பாங்கான மண்ணுக்கு வசதியான நிலை. அதே 20 சதவீதம் கடும் களிமண்ணில் பயிர் திணறும் நிலை. இறுக்கத்தை அளப்பது ஏன் மேல் என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

பயிரையே கேட்பது

மண் காய்வது காரணம், பயிர் படும் பாடு விளைவு. விளைவைப் பயிரிடமே அளக்க முதல் வழி இலைச்சுருளல். நெல் இலையின் மேற்பரப்பில் வரிசையாகச் சில பெரிய செல்கள் இருக்கின்றன. நீர் குறையும்போது அவை தளர்ந்து சுருங்கும், இலை மேல்நோக்கி மடியும். வெயில் படும் பரப்பைக் குறைத்துக்கொள்ளப் பயிர் செய்யும் வேலை அது. ஆய்வாளர்கள் இதற்கு 0, 1, 3, 5, 7, 9 என்று மதிப்பெண் கொடுக்கிறார்கள். தட்டையாக விரிந்த இலைக்கு 0. லேசாக மடிந்தால் 1, ஆழமாக மடிந்தால் 3, கிண்ணம்போல் குவிந்தால் 5, இரு ஓரமும் தொட்டுக்கொண்டால் 7, இறுகச் சுருண்டு ஊசிபோல் ஆனால் 9. கருவி எதுவும் வேண்டாம். பள்ளிப் பிள்ளைகூட ஒரு நாளில் பழகிவிடலாம்.

ஆனால் எந்த நேரத்தில் பார்க்கிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. உச்சி வெயிலில் காற்றும் வீசினால், ஈரமுள்ள வயலிலேயே இலை கொஞ்சம் மடியும். வெளியேறும் வேகத்துக்கு வேரால் ஈடுகொடுக்க முடியாத தற்காலிகச் சிரமம் அது, மாலையில் விரிந்துவிடும். மதியம் பார்த்ததை மறுநாள் வெயில் ஏறுமுன் மீண்டும் பாருங்கள். இரவு முழுவதும் ஓய்வு கிடைத்தும் இலை விரியவில்லை என்றால் மண்ணில் நீர் இல்லை என்பது உறுதி. இரகத்துக்கு இரகம் சுருளும் வேகம் மாறும் என்பதால், வெவ்வேறு இரகங்களின் மதிப்பெண்களை நேராக ஒப்பிடக் கூடாது.

சுருண்ட இலை எல்லாம் தாகத்தால் சுருண்டதும் இல்லை. இலைச்சுருட்டுப் புழு நூலால் இலை ஓரங்களை இழுத்துத் தைத்து உள்ளே இருந்து சுரண்டும். பிரித்துப் பார்த்தால் வெள்ளைக் கோடுகளும் எச்சமும் இருக்கும், பெரும்பாலும் வயலில் அங்கங்கே மட்டும் தெரியும். பாக்டீரியா இலைக்கருகல் நுனியிலிருந்து ஓரம் வழியாக மஞ்சள் வைக்கோல் நிறத்தில் அலையலையாக இறங்கும். இதை வறட்சி என்று நினைத்துத் தண்ணீரை ஏற்றிக் கட்டினால் நோய்க்குத்தான் வசதி. போர்த் தண்ணீரில் உப்பு மிகுந்த இடங்களில் இன்னொரு குழப்பம் வரும்: குழாயில் நீர்மட்டம் நன்றாக இருக்கும், பயிர் மட்டும் தாகத்தில் இருப்பதுபோல் நிற்கும். உப்பானது நீரைப் பிடித்துக்கொள்வதால் வேரால் இழுக்க முடிவதில்லை. அங்கே பார்க்க வேண்டியது நீரின் உப்பளவை, அளவுகோலை அல்ல.

ஒத்தக்கடை வேளாண்மைக் கல்லூரி போன்ற இடங்களில் மாணவர்கள் கற்றுக்கொள்ளும் அடிப்படை அளவீடு ஒன்று இருக்கிறது: இலையின் ஒப்பு நீர்ச்சத்து. இலை தன்னால் முடிந்த அளவு நீர் குடித்திருந்தால் எவ்வளவு இருக்குமோ, அதில் இப்போது எத்தனை சதவீதம் இருக்கிறது என்பதே இதன் பொருள். வயலில் பறித்ததும் இலைத்துண்டை எடைபோட வேண்டும். பிறகு சில மணி நேரம் தூய நீரில் மிதக்கவிட்டு, ஒற்றித் துடைத்து மறுபடி எடை. கடைசியாக உலைப்பெட்டியில் முழுவதும் உலர்த்தி எடை. எடுத்துக்காட்டாகப் பறித்தபோது 0.43 கிராம், நீர் குடித்தபின் 0.55, உலர்ந்தபின் 0.15 என்று வைத்துக்கொள்வோம். இலை பிடிக்கக்கூடிய நீர் 0.40 கிராம், அப்போது இருந்தது 0.28. ஆக 70 சதவீதம். நல்ல ஈரமுள்ள வயலில் இது 90-ஐ ஒட்டி இருக்கும், 70 என்றால் பயிர் உண்மையிலேயே கடும் சிரமத்தில் இருக்கிறது. பறித்த இலையை மூடிய பையில், நிழலில் கொண்டுபோவது முக்கியம். வழியில் வெயில் பட்டால் வயலை விட்டுவிட்டு நம் பயணத்தை அளந்ததாகிவிடும்.

இதைவிட நேரடியானது 1965-இல் ஷோலாண்டர் என்பவரும் உடன்பணியாளர்களும் புகழ்பெறச் செய்த அழுத்தக் கலன். இலையை அறுத்து, வெட்டுவாய் மட்டும் வெளியே தெரியும்படி இரும்புக் கலனுக்குள் அடைத்து, உள்ளே வாயு அழுத்தத்தை மெல்ல ஏற்றுவார்கள். வெட்டுவாயில் சாறு துளிர்க்கும் கணத்தில் இருக்கும் அழுத்தம்தான், அறுக்கும்முன் அந்த இலை நீரை எவ்வளவு விசையோடு இழுத்துக்கொண்டிருந்தது என்பதன் அளவு. விடியுமுன் எடுத்தால் அது மண்ணின் நிலையையும், நண்பகலில் எடுத்தால் பயிர் அன்று பட்ட உச்சச் சிரமத்தையும் சொல்லும்.

வெப்பத்தை வைத்தும் அளக்கலாம். இலையிலிருந்து நீர் ஆவியாகும்போது இலை குளிர்கிறது. துளை மூடிவிட்டால் குளிர்ச்சி நின்று இலை சூடேறும். அகச்சிவப்பு வெப்பமானியைப் பயிர்ப்பரப்பை நோக்கிப் பிடித்து, காற்றின் வெப்பத்தோடு ஒப்பிட்டால் பயிர் எந்த அளவு துளையைத் திறந்து வைத்திருக்கிறது என்று தெரியும். 1981-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இட்சோ, ஜாக்சன் முதலியோர் இதை 0 முதல் 1 வரையிலான குறியீடாக்கினார்கள். சிறு கணக்கு: ஒரு நாள் நண்பகலில் நன்றாக நீருண்ட பயிர் காற்றைவிட 4 டிகிரி குளிர்ச்சியாகவும், ஆவியாதல் முற்றிலும் நின்ற பயிர் 3 டிகிரி சூடாகவும் இருக்கும் என்று கொள்வோம். இடைவெளி 7 டிகிரி. நம் பயிர் 1 டிகிரிதான் குளிர்ச்சி என்றால், நல்ல நிலையிலிருந்து 3 டிகிரி விலகியிருக்கிறது. 3-ஐ 7-ஆல் வகுத்தால் 0.43. ஏறத்தாழப் பாதித் தூரம் வந்துவிட்டது என்று அர்த்தம். மேகம் மறைத்த நாளிலும், பயிர் மூடாமல் சேறும் தண்ணீரும் இடையில் தெரியும் இளம் பருவத்திலும் இந்த அளவு கைகொடுக்காது.

எந்தப் பருவத்தில் என்பதே முக்கியம்

ஒரே அளவு தட்டுப்பாடு, வந்த நாளைப் பொறுத்து இலேசாகவும் முடியும், முழு நட்டமாகவும் முடியும். தூர் கட்டும் பருவத்தில், அதாவது அடியிலிருந்து பக்கக் கிளைகள் விடும்போது, சில நாள் காய்ந்தால் தூர் குறையும், பயிர் கொஞ்சம் பிந்தும். தண்ணீர் வந்ததும் பெருமளவு தேறிக்கொள்ளும். கதிர் உறைக்குள் திரளும் பொதிப்பருவத்தில், அது வெளியே வருவதற்குச் சுமார் 10 முதல் 12 நாள் முன்பு, பூவுக்குள் மகரந்தம் உருவாகும் வேலை நடக்கிறது. அப்போது தண்ணீர் தவறினால் மகரந்தம் மலடாகும். பூக்கும் நேரத்தில் தவறினால் கதிர் உறையைவிட்டு முழுதாக வெளிவராது, கருவும் பிடிக்காது. பிறகு எவ்வளவு பாய்ச்சினாலும் பலனில்லை, அந்த மணிகள் பதர்தான். பயிர் பச்சையாக நிமிர்ந்து நிற்கும்போதே "சாவியாப் போச்சு" என்று சொல்ல நேர்வது இதனால்தான்.

இதை நம் கால்வாய்க் கணக்கோடு வைத்துப் பாருங்கள். பெரியாறு பாசனக் கால்வாய்க்கு வைகை அணையிலிருந்து முதல் போகத்துக்கு நீர் திறக்கும்போது, 120 நாளில் முதல் 45 நாள் முழுமையாகவும் அடுத்த 75 நாள் முறை வைத்தும் விடுவது வழக்கம். திறந்ததும் நாற்று விட்ட 120 நாள் இரகத்தில் கதிர் உருவாகத் தொடங்குவது 55 முதல் 60-ஆம் நாள். மகரந்தம் உருவாவது 80-ஐ ஒட்டி, பூப்பது 90-ஐ ஒட்டி. பயிர் மிக மென்மையாக இருக்கும் நாட்கள் எல்லாம் முறைத் தண்ணீர்க் காலத்துக்குள்தான் விழுகின்றன. கால்வாய்த் தலைப்பில் இருப்பவருக்கு இது பெரிதாகத் தெரியாது. கடைமடையில் இருப்பவருக்கு அதுவே அந்த ஆண்டின் விளைச்சல்.

ஆகவே குழாயில் 15 செ.மீ. என்ற எல்லையைத் தூர் கட்டும் காலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். பொதி திரளத் தொடங்கியதும் அதை 5 செ.மீ. அளவுக்குச் சுருக்கிவிடுவதே பாதுகாப்பு என்பது என் கருத்து. பூப்பதற்கு ஒரு வாரம் முன்பிருந்து பூத்து ஒரு வாரம் வரை மேலேயே 5 செ.மீ. தண்ணீர் நிற்கட்டும், அந்த நாட்களில் காய்ச்சல் கூடாது. கிணறோ போரோ வைத்திருப்பவர்கள் அந்தத் தண்ணீரைத் தூர் பருவத்தில் தீர்த்துவிடாமல் இந்த இரண்டு மூன்று வாரத்துக்கென்று ஒதுக்கிவைப்பது நல்லது. அக்கம்பக்கத்து வயல்கள் வெவ்வேறு நாளில் நட்டவையாக இருந்து, வந்த தண்ணீர் எல்லோருக்கும் போதாது என்றால், மடையை யாருக்கு முதலில் திறப்பது என்பதற்கும் இதுவே வழி. குழாயில் 12 செ.மீ. இறங்கியிருக்கும் தூர் பருவத்து வயல் இன்னும் இரண்டு நாள் தாங்கும். 6 செ.மீ. இறங்கியிருக்கும் பொதிப்பருவத்து வயல் தாங்காது. நீர்பாய்ச்சியிடம் இந்த இரண்டு எண்ணையும் பருவத்தையும் சேர்த்துச் சொன்னால், யார் வயல் முதலில் என்ற வாக்குவாதம் பாதியாகக் குறையும்.

பால் பிடித்து மணி முற்றத் தொடங்கிய பிறகு தேவை இறங்கிவிடும். மறுபடி காய்ச்சலும் பாய்ச்சலுமாக விடலாம். அறுவடைக்கு 10 முதல் 15 நாள் முன்பு தண்ணீரை வடித்துவிட்டு, குழாயைப் பிடுங்கி ஓட்டைகளைக் கழுவி வைத்தால் அடுத்த போகத்துக்கும் அதுவே ஆகும்.